1949இல் கடைக்குப் போன குடும்பம்

கொழும்பிலே ஒரு குடும்பம் 1949இல் கடைக்குப் போனது. 2007இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட 58 வருஷமும் அவர்கள் வாங்கியது அதே சாமான், அதே அளவு. ரெலிவிஷன் வாங்கவில்லை. ரைஸ் குக்கர் வாங்கவில்லை. கைத்தொலைபேசி என்று ஒன்று வந்ததே அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் வளரவில்லை, கிழவி சாகவில்லை, ஒருத்தரும் கனடாவுக்குப் போகவில்லை.

இந்தக் குடும்பம் குடியிருந்தது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் அலுமாரிக்குள். 1949, 1950 காலத்தில் கொழும்பு மாநகரத்துத் தொழிலாளர் வீடுகளில் எடுத்த செலவுக் கணக்கிலிருந்து பிறந்தது. கையில் 100 ரூபாய் இருந்தால் 61 ரூபாய் 90 சதம் சாப்பாட்டுக்கு. உடுப்புக்கு 9.40. வாடகைக்கு 5.70. விறகுக்கும் விளக்குக்கும் 4.30. மிச்சம் 18.70 'இதரம்'. 1952ஐ 100 என்று வைத்து, இந்தக் கூடையின் விலையை மாதாமாதம் விசாரித்துச் சொன்னதுதான் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். எத்தனையோ பேருடைய வாழ்க்கைச் செலவுப்படி இந்தக் குடும்பத்தின் சந்தைப் பையை எட்டிப் பார்த்துத்தான் கூடியது, அல்லது கூடாமல் நின்றது. 2000களின் நடுவில் சுட்டெண் 4,000ஐத் தாண்டியபோதும் கூடைக்குள் இருந்தது தாத்தா காலத்துச் சாமான்தான்.

திணைக்களத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த நம்முடைய வீடுகளும் அப்படியொன்றும் நிகழ்காலத்தில் வாழவில்லை. எதை வாங்குவது என்பதைச் சம்பளத்தைவிட, கடைசியாக எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது என்பதுதான் தீர்மானித்தது. போன பத்தாண்டின் ஆபத்துக்கு இந்தப் பத்தாண்டில் சாமான் வாங்கி அடுக்குவோம். அதற்குள் புதிய ஆபத்து வேறு வாசலால் வந்துவிடும்.

வெள்ளவத்தையின் பொருளாதார வரலாறு சமறியில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த கிளாக்கர்மார் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளைப் பிடித்து, மாதத்துக்கு ஒருவர் மனேஜராக இருந்து நடத்திய குடித்தனம். மாதக் கடைசியில் கணக்குக் கூட்டம் நடக்கும். பாராளுமன்றத்து வரவுசெலவு விவாதம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. "நான் நாலு வெள்ளிக்கிழமையும் விரதம், என்ரை பங்கைக் கழியுங்கோ" என்பார் ஒருவர். "விரதமெண்டு சொல்லிப்போட்டு இரவு ஏழு தோசை திண்டது ஆர்?" என்பார் மற்றவர். மாதம் முற்ற முற்றப் பக்தி கூடுவதை வெள்ளவத்தையில் கண்ணால் காணலாம்.

சம்பளக் காசு கொழும்பில் தங்குவதே இல்லை. மணியோடராக ஊருக்குப் போகும். அங்கே தங்கச்சியின் சீதனமாகவும், கிணறாகவும், வீட்டு அத்திவாரமாகவும் மாறும். இவர் இங்கே ஒழுகும் கூரைக்குக் கீழே பாயில் படுத்துக்கொண்டு, ஊரிலே அம்மாவும் நாயும் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஐந்தாவது அறை கட்டுவார். பதிலுக்கு ஊரிலிருந்து மிளகாய்த்தூள், ஒடியல், நல்லெண்ணெய், பனங்கட்டி வரும். உத்தியோகத்தருக்கு அரசாங்கம் இலவச ரயில் வொரண்ட் கொடுத்தது. 1956இல் யாழ்தேவியும் ஓடத் தொடங்கியது. தன் ரயில்வே ஒரு சமறியின் குழம்புக்குத் தூள் ஏற்றிக்கொண்டு வருகிறது என்பதை எந்த அரசாங்கமும் கணக்கில் எழுதவில்லை.

கொட்டாஞ்சேனையின் கதை வேறு. துறைமுகத்தில் வேலை, புறக்கோட்டைக் கடையில் வேலை, செட்டியார் தெருவில் நகைத் தொழில். கூலி நாளுக்கோ கிழமைக்கோ கைக்கு வரும். அந்தோனியார் பெருநாளுக்கும் ஆடிவேலுக்கும் போகும். நடுவில் ஒழுங்கையின் மூலைக்கடைக் கொப்பி ஒன்று கடனை ஏந்திக்கொண்டு நிற்கும். ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடையில் மெழுகுதிரி, புதுச்சட்டை, வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. ஆடியில் வேல் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிப் பக்கம் போகும்போது பின்னால் கரும்பு, காப்பு, பம்பாய் மிட்டாய். கடன் அடைய அடுத்த பெருநாள் வந்துவிடும். வெள்ளவத்தை கொட்டாஞ்சேனையை ஊதாரி என்றது. கொட்டாஞ்சேனை வெள்ளவத்தையைக் கசவாரம் என்றது. சம்பள நாளில் கந்தோர் வாசலில் காத்து நின்ற ஆப்கானிஸ்தான் வட்டிக்காரருக்கு இரண்டு பேரிலும் பாரபட்சம் இல்லை.

இந்த வழக்கில் தீர்ப்பு வர நாற்பது வருஷம் ஆனது. கிளாக்கர் ஐந்தாவது அறை கட்டிய வீடுகளில் ஒரு பகுதி, வலிகாமம் வடக்கில் இருந்தவை, போர்க்காலத்தில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டன. கொட்டாஞ்சேனைக்காரர் பெருநாளில் சாப்பிட்டதை எந்தப் படையும் கைப்பற்ற முடியவில்லை. சேமிப்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதுவிக்கும் ஆசிரியர்மார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சாப்பாட்டுக்கு 61 ரூபாய் 90 சதம் என்றேன். அதில் பெரிய ஆள் அரிசி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்த பங்கீட்டை, போர் முடிந்தும் எடுத்துவிட எந்த அரசாங்கத்துக்கும் துணிவு இல்லை. 1953இல் டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் துணிந்தது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன. கொத்து 25 சதம் விற்ற அரிசியை ஒரேயடியாக 70 சதம் ஆக்கினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். இடதுசாரிகள் அழைத்தார்கள், நாடு நின்றது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. அரிசி விலையைக் கூட்டிவிட்டுக் கடலில் போய் இருக்கவேண்டி வந்த அரசாங்கம் உலகத்தில் வேறு உண்டோ தெரியாது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

அதிலிருந்து இந்த நாட்டு அரசியல்வாதி எவனுக்கும் அரிசி மூட்டையைக் கண்டால் ஒரு நடுக்கம். நம் வீடுகளிலும் ஒரு புதுப் பழக்கம் வந்தது: கட்டிலுக்குக் கீழே ஒரு மூட்டை. புழு வைத்தாலும் பரவாயில்லை, இருக்கவேண்டும். மறுபடி பிரதமராக வந்திருந்த டட்லி, 1966இன் கடைசியில் பங்கீட்டின் இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கி, அதை இலவசமாகக் கொடுத்தார். காசில்லாமல் கொடுத்ததற்கு நன்றி சொன்னவர் ஒருவரையும் காணோம். காணாமற்போன மற்றக் கொத்தைப் பற்றியே 1970 வரை ஊர் பேசியது. அந்தத் தேர்தலில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டணி, சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்தும் தருவோம் என்றது. ஆம்ஸ்ட்ரோங் போய் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் அங்கே கல்லும் மண்ணும்தான் பொறுக்கினார் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. ஆனாலும் 151 ஆசனத்தில் 116ஐ மக்கள் கொடுத்தார்கள்.

மற்றக் கொத்து வந்தது உண்மைதான். கூடவே வேறு சிலவும் வந்தன. 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா, 50 ரூபாய் 100 ரூபாய்த் தாள்கள் இனிச் செல்லாது, வங்கியில் கொண்டுபோய்க் கட்டுங்கள் என்று அறிவித்தார். கறுப்புப் பணக்காரரைப் பிடிக்கத்தான். அவர் 1953 ஹர்த்தாலை நடத்திய இடதுசாரித் தலைவர்களில் ஒருவர், லண்டனில் இரட்டை டொக்டர் பட்டம் வாங்கியவர். அகப்பட்டவர்களில் கறுப்புப் பணக்காரர் எத்தனை பேரோ. கணவனுக்குத் தெரியாமல் சீனி டின்னுக்குள்ளும் சாமிப் படத்துக்குப் பின்னாலும் காசு வைத்திருந்த பெண்கள் அகப்பட்டார்கள். இருபது வருஷத்துக் குடும்ப இரகசியங்கள் ஒரே கிழமையில் வங்கி வரிசையில் வந்து நின்றன. அன்றோடு தாள் நோட்டில் இருந்த நம்பிக்கை போனது. செட்டியார் தெருப் பவுணில் நம்பிக்கை வந்தது. பவுணைச் செல்லாது என்று அறிவிக்க எந்த டொக்டராலும் முடியாதாம்.

பிறகு 1970களின் வரிசைகள். பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, சீனிக்கு வரிசை. இறக்குமதி வெங்காயமும் செத்தல் மிளகாயும் நின்றன. இந்தியச் சஞ்சிகைகளும் கட்டுப்பட்டதால் வெள்ளவத்தை வீடுகளில் தொடர்கதைகள் நடுவில் அறுந்து தொங்கின. கதாநாயகிக்குக் கலியாணம் நடந்ததா இல்லையா என்று பல வருஷம் ஒருவருக்கும் தெரியாது. அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கட்டுப்பாடு. வீதியில் பொல்லுப் போட்டு மறித்துப் பையைத் திறந்து பார்த்தார்கள். ஒரு கொத்து அரிசியைக் கைக்குழந்தையோடு சேர்த்துச் சுற்றிக் கொண்டுவந்த தாய்மார் கதை ஊருக்கு ஒன்று உண்டு.

இங்கேதான் ஒரு வேடிக்கை. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் நின்றதும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எழும்பினார். வெள்ளவத்தைக் கிளாக்கரிடம் மணியோடர் வாங்கிய மைத்துனர் புதுக் கல்வீடு கட்டி, உழவு மெசினும் வாங்கி, கொழும்புக்கு வந்து அத்தானுக்குச் சாரம் வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளைச் சந்தையில் கோவைக்கட்டு இறங்கியது, மண்வெட்டி ஏறியது. கிளாக்கர் குடும்பங்கள் இந்த அவமானத்தைப் பற்றி இன்றைக்கும் பேச விரும்புவதில்லை.

அந்தக் காலத்தில் நம் திணைக்களத்துக் குடும்பம் என்ன செய்தது? சந்தோஷமாக இருந்தது. கட்டுப்பாட்டு விலையில் சாமான் மலிவு. கடையில் சாமான் இல்லை என்பது விலை ஆகாதே! கிடைக்காத சாமானின் குறைந்த விலையைக் கூட்டி, சுட்டெண் நிம்மதியாக நின்றது. பொருளியலாளர்கள் இதைக் குறை சொல்லிக் கட்டுரைகள் எழுதினார்கள். வரிசையில் நின்றவர்களுக்கு அதை வாசிக்க நேரம் இருந்தது.

1977இல் ஜே. ஆர். வந்தார். நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரொனி டி மெல் இறக்குமதிக் கதவைத் திறந்தார். டொலர் 16 ரூபாய் ஆனது. ஏழு வருஷம் பாணுக்கு நின்ற சனம் கடைக்குள் பாய்ந்தது. முதலில் வாங்கியது என்ன தெரியுமா? கண்ணாடி. சிங்கப்பூர்க் கண்ணாடிக் கோப்பை, ஜப்பான் தட்டு, பூப்போட்ட பிளாஸ்க். அவற்றை வைக்க ஒரு ஷோகேஸ். ஷோகேஸைப் பூட்ட ஒரு பூட்டு. அந்தக் கோப்பையில் யாரும் எதுவும் குடித்ததாகச் சரித்திரம் இல்லை. பற்றாக்குறையில் வளர்ந்தவர்களுக்குச் சாமான் பாவிக்க அல்ல, பார்த்துக்கொண்டிருக்க. 1979இல் பங்கீட்டுப் புத்தகம் போய் உணவு முத்திரை வந்தது. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் மத்திய கிழக்குக்குப் போன பிள்ளை ரெலிவிஷனோடு திரும்பினால், ஒழுங்கையே அந்த வீட்டு விறாந்தையில். வெள்ளவத்தை வீடுகளில் ரெலிவிஷனுக்கும் ஒரு பூட்டு.

1983 ஜூலையில், தமிழர்மீதான வன்முறையின்போது, ஷோகேஸுக்குக் கால் இல்லை என்பது தெரிந்தது.

அதைப் பற்றிப் பகிடி விட எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கிழமைக்குப் பிறகு வீட்டுச் செலவு மாறிய விதத்தைச் சொல்லாமலும் விட முடியாது. அகதி முகாமுக்கு ஒரு பையோடு போனவர்கள் அந்தப் பைக்குள் எது இருந்தது, எது இல்லை என்பதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. அதன் பிறகு வந்தது ஒரு புதுத் தளபாடம்: பைல். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், காணி உறுதி, கடவுச்சீட்டு எல்லாம் ஒரே பைலில். அது அலுமாரியின் கீழ்த் தட்டில், கதவைத் திறந்தால் கைக்கு முதலில் படும் இடத்தில். நகை பெட்டியில் இருக்காது, உடம்பில் இருக்கும். தூக்க முடியாததை வாங்காதே என்பது சட்டம். அதே 1983இல்தான் கார்கில்ஸ் தன் முதல் ஃபூட் சிற்றியையும் திறந்தது. தள்ளுவண்டியில் சாமான் நிரப்பிக்கொண்டு போக நகரத்தில் ஒரு பகுதி பழகிக்கொண்டிருக்கையில், இன்னொரு பகுதி ஒரு கையால் தூக்கக்கூடியதை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெரிய செலவு இனி பிள்ளையை அனுப்புவது. ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசுக்கு முன்னால் சீதனம் சில்லறை. காணி விற்று, பவுண் அடகு வைத்து, கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜுக்குள் குடும்பமாகக் குந்தி, விசா வரும் வரை மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் வாடகை கட்டினார்கள். திணைக்களத்துக் குடும்பம் வாடகைக்கு 5.70 கொடுத்துக்கொண்டிருந்தது. லொட்ஜில் இருப்பதும் நிச்சயமில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் வந்து, நூற்றுக்கணக்கான தமிழர்களை லொட்ஜுகளிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. கட்டிய முற்பணம் திரும்பி வந்ததா என்று நீதிமன்றம் கேட்டதாகத் தெரியவில்லை.

அனுப்பிய பிள்ளைகள் காசு அனுப்பத் தொடங்கியதும் மணியோடரின் திசை திரும்பியது. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து, வங்கிக்குப் போகாத உண்டியல் வழியில், வெள்ளவத்தைக்கு. காலி வீதியில் 'கொமினிகேஷன்' கடைகள் முளைத்தன. மூன்று நிமிஷம் கதைத்தால் இவ்வளவு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் மீட்டர் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டு அழவேண்டிய இடத்தில் வேகமாக அழுது முடிப்பார்கள். பிறகு தொடர்மாடிகள். மாமரமும் கிணறும் இருந்த வளவுகள் ஆறு மாடியாக எழும்பின. ஊரிலே ஐந்து அறை கட்டியவரின் பேரன் வெள்ளவத்தையில் மூன்று அறை வாங்கினான், வாங்கிவிட்டுக் கனடாவில் இருந்தான். வீடு கட்டுவது ஓர் இடம், வாழ்வது வேறோர் இடம் என்ற குடும்ப மரபு கெடவில்லை.

2007இன் கடைசியில் திணைக்களம் அந்தப் பழைய குடும்பத்துக்கு ஓய்வு கொடுத்தது. 2002ஐ அடிப்படையாக வைத்துப் புதுக் கூடை. 'தொடர்பாடல்' என்று அதில் தனித் தலைப்பே வந்தது. பிறகு கூடையை மாற்றுவதில் திணைக்களத்துக்கு ருசி பிடித்துவிட்டது. 2013ஐ அடிப்படையாகக் கொண்ட கூடையில் சாப்பாட்டுக்கும் குடிபானத்துக்கும் 100 ரூபாயில் 28.24, 2021ஐ அடிப்படையாகக் கொண்ட கூடையில் 26.19. அறுபத்திரண்டு ரூபாய்க்குச் சாப்பிட்ட சனம் இருபத்தாறு ரூபாய்க்குத்தான் சாப்பிடுகிறதாம். இதை ஹம்டன் ஒழுங்கையில் சந்தைப் பையோடு வரும் ஓய்வூதியக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பையை இறக்கி வைத்துவிட்டுக் கதைப்பார்.

கடைக்குப் போனால் சாமான் கிடைக்கும் என்ற நிம்மதி 2022 வரைதான். 1,493 ரூபாய்க்கு இருந்த 12.5 கிலோ காஸ் சிலிண்டர், ஒரு வருஷம் ஆகுமுன் 4,860 ஆனது. அதுவும் கிடைத்தால். மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஐந்தாம் தட்டில் லிஃப்ட் இல்லை, பம்ப் வேலை செய்யாததால் தண்ணீர் இல்லை, விறகு எரிக்க இடமும் இல்லை. கொட்டாஞ்சேனையில் பின்வளவுள்ள பழைய வீட்டுக்காரர் மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சிவிட்டு, வெள்ளவத்தைச் சம்பந்திக்குப் பார்சல் கட்டி அனுப்பினார். கசவாரம் என்று திட்டிய வாயால் அல்ல, சிரித்துக்கொண்டு. டொரொண்டோ காசு அனுப்பலாம், காஸ் அனுப்ப முடியாது. டொலர் 200இலிருந்து 360ஐத் தாண்டியதில் ஊர் அழுதது, உண்டியல் சிரித்தது.

எழுபதுகளில் வாங்கிய மண்ணெண்ணெய் அடுப்பைப் பரணில் வைத்திருந்த கிழவிகளுக்கு அந்த வருஷம் பெரிய மரியாதை. ஐம்பது வருஷம் "உதை எறியுங்கோ அம்மா" என்று கேட்டவர்கள் இறக்கித் துடைத்துத் திரி மாற்றினார்கள். பிறகு மண்ணெண்ணெய்க்கு வரிசையில் போய் நின்றார்கள்.

இப்போது கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. 2024இலிருந்து 18 வீத வற் வரியோடு கிடைக்கிறது. பக்கத்து ஒழுங்கையில் ஒரு அக்கா அவிக்கும் இடியப்பம், போனில் தட்டினால் மோட்டார் சைக்கிளில் ஏறிக் காலி வீதியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்கிறது. சமைப்பதே குறைந்துவிட்ட வீடுகளிலும் குசினிக்குள் காஸ் சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டாக நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் ஐயா மூன்றாவதையும் வாங்கி, கட்டிலுக்குக் கீழே போகாததால் சாமியறையில் வைத்திருக்கிறார். மகள் டொரொண்டோவிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இப்ப எல்லா இடத்திலும் காஸ் கிடைக்குதெல்லோ? பிறகேன் வாங்கினனீங்கள்?"

"கிடைக்கிற நேரம்தானே பிள்ளை வாங்கலாம்" என்றார் ஐயா.